பலகையில் எழுதாத எழுவாய்: குழந்தைப் பராமரிப்பு நிலையம் பற்றி வாசகர் கேள்விகள்

பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் ஐந்தை இவ்விதழில் சேர்த்துத் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். கடிதங்களைச் சற்றுச் சுருக்கியுமிருக்கிறேன்.

கேள்வி: யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. எங்கள் மகனுக்கு 19 மாதம். இதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட மாமி, மச்சாளின் பிள்ளைப்பேற்றுக்காக அடுத்த மாதம் கனடாவுக்குப் போகிறார். வீட்டுக்கு அருகில் இரண்டு நிலையங்களும், வங்கிக்கு அருகில் ஒன்றும் இருக்கின்றன. மூன்றின் பலகையிலும் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளோ, ‘லைசென்ஸ் இருக்கிறதா என்று கேள்’ என்கிறார். எதை நம்பி, எப்படித் தெரிவுசெய்வது?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற தொடரில் பதிவு செய்தவர் யார் என்பதும் இல்லை, பதிவு செய்யப்பட்டது எது என்பதும் இல்லை. நீங்கள் முதலில் தேடவேண்டியவை அந்த இரண்டும்தான். நிலையத்தின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் பத்திரம் வணிகப் பெயர்ப் பதிவாக இருக்கலாம். இன்னார் இந்தப் பெயரில் ஒரு தொழில் நடத்துகிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பிரதேச சபை அல்லது மாநகர சபை வழங்கிய வியாபார உரிமமாகவும் இருக்கலாம். முன்பள்ளிப் பதிவாகவும் இருக்கலாம். பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான். முன்பள்ளி என்பது 3 வயது முதல் 5 வயது வரையான பிள்ளைகள் காலையில் சில மணி நேரம் வந்து போகும் இடம். அதற்கென்று பெற்ற பதிவை வைத்துக்கொண்டு, பின்னறையில் பாய் விரித்து ஒன்றரை வயதுப் பிள்ளைகளை மாலை ஐந்து மணி வரை வைத்திருப்பது வேறொரு தொழில். ஆசிரியை எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தப் பதிவு உங்கள் மகனைப் பற்றியதன்று.

ஆகவே, பத்திரத்தைக் கையில் வாங்கி நான்கு விடயங்களை வாசியுங்கள்: எந்த அலுவலகம் வழங்கியது, எந்தத் திகதி வரை செல்லும், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எத்தனை பேருக்கு. இந்த நான்கில் ஒன்று அதில் இல்லையென்றால், அதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொக்குவில் நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அங்கே முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரையும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவரையும் கேட்டுச் சந்தியுங்கள். நம் நாட்டில் சிறு பிள்ளைகள் தொடர்பான பொறுப்பு ஒரே மேசையில் இல்லை. முன்பள்ளியும் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகளும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. சிறுவர் செயலகமும், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் மத்தியைச் சேர்ந்தவை. எனவே ‘இது எங்களுடைய வேலையல்ல’ என்ற பதில் ஒரு மேசையில் கிடைத்தால் மனம் தளர வேண்டாம், ‘அப்படியானால் யாருடையது?’ என்று கேட்டு அடுத்த மேசைக்குப் போங்கள். மூன்று நிலையங்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ‘நல்ல நிலையம் எது?’ என்று கேட்டால் எந்த உத்தியோகத்தரும் வாய் திறக்க மாட்டார். ‘இந்த மூன்றில் உங்கள் பதிவேட்டில் இருப்பவை எவை? கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் பதில் வரும்.

எழுத்தில் இல்லாத தகவலுக்கு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிள்ளை பிறந்த நாள் முதல் வீட்டுக்கு வந்து நிறை பார்த்தவர் அவர். எந்த நிலையத்துக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கடி வயிற்றோட்டத்தோடு கிளினிக்குக்கு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. அவர் பெயர் சொல்லிக் குறை கூறாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நிலையத்தின் பெயரைக் கேட்டதும் அவர் சற்று மௌனமானால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி, வீட்டுக்கு அருகிலா, வங்கிக்கு அருகிலா என்ற கேள்வி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை பத்தரை மணிக்கு அழைப்பு வந்தால் யார் முதலில் போய்ச் சேருவார் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் கிளிநொச்சியில், மாமி கனடாவில் என்றால், அது நீங்கள்தான். எனவே வங்கிக்கு அருகில் உள்ள நிலையத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். வீட்டருகில் அம்மாவோ சித்தியோ இருந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு எந்த நிலையமும் கோயில்போல இருக்கும். தரை துடைத்திருக்கும், பிள்ளைகள் வட்டமாக இருந்து பாடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முற்பகல் பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில், அறிவிக்காமல் போங்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பிள்ளை பசியில் அழும், ஒன்றுக்கு பம்பஸ் மாற்ற வேண்டும், இன்னொன்று நித்திரைக்குச் சிணுங்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரியவர்களின் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஒரே கரண்டியால் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போகிறதா, பம்பஸ் மாற்றிய கை சவர்க்காரத்தைக் கண்டதா, சோறு வாயில் இருக்கும்போதே பிள்ளையைப் படுக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். கச்சான், முழுத் திராட்சை, நாவற்பழம் போன்றவை இந்த வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. அவற்றைச் சிற்றுண்டியாகக் கொடுக்கும் இடத்தில் நான் மேலும் கேள்வி கேட்க மாட்டேன், எழுந்து வந்துவிடுவேன்.

பெற்றோர் கேட்கத் தயங்குவது ஆட்களின் எண்ணிக்கையை. மச்சாள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், உரிமம் பெற்ற நிலையங்களில் 18 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் 2 வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு ஒருவரும், 2 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவரும் வேண்டும். அவை அந்தந்த நாட்டுச் சட்டங்கள். இங்குள்ளவர்களிடம் காட்டி வாதாட முடியாது. ஆனால் ஒருவர் எத்தனை பிள்ளைகளைத் தூக்க முடியும் என்பது கடல் கடந்தால் மாறும் கணக்கல்ல. உங்கள் மகன் இருக்கப்போகும் அறையில் பிள்ளைகளை எண்ணுங்கள்; பிறகு பெரியவர்களை எண்ணுங்கள். குசினியில் சமைப்பவரையும், வாசலில் கட்டணப் புத்தகம் எழுதுபவரையும் சேர்க்க வேண்டாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால், அவர் தெய்வப்பிறவியாக இருந்தாலும் அது போதாது.

கடைசியாகக் கிணறு. நமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வளவுக்கு வளவு கிணறு வெட்டி வாழ்ந்துவந்திருக்கிறோம். அதனால் நமக்குக் கிணறு கண்ணில் படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளையின் பெற்றோர் முதலில் பதறுவது அதைப் பார்த்துத்தான். அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். நிலையத்தின் பின் வளவுக்குப் போய்ப் பாருங்கள். கிணற்றுக்கட்டு பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிறதா, கம்பிவலை மூடி போட்டுப் பூட்டியிருக்கிறதா, கட்டுக்கு அருகில் பிள்ளை ஏறக்கூடிய கல், வாளி, உடைந்த கதிரை ஏதும் கிடக்கிறதா என்று கவனியுங்கள். கிணற்றடிக்குப் போகும் கதவு பிள்ளை கைக்கெட்டாத உயரத்தில் தாழிடப்பட்டிருக்க வேண்டும். குளிக்க வார்க்கும் தொட்டியும் நீர் நிரம்பிய வாளியும் அவ்வளவே ஆபத்தானவை. ஒன்றரை வயதுப் பிள்ளை அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் தானாக எழும்ப முடியாது, சத்தமும் வராது. மாரியில் போகிறீர்கள் என்றால், மழை வெள்ளம் எங்கே தேங்குகிறது என்பதையும், சிரட்டை, தகரம், பழைய ரயர் ஏதும் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகலில் உறங்கும் பிள்ளைக்கு நுளம்புவலை வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் கட்டணத்தைக் கேளுங்கள். முதலில் கட்டணத்தைக் கேட்டால், மற்றவற்றைப் பார்க்கும் கண் மங்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஒரு அக்கா தன் வீட்டில் ஆறு பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார். மிக அன்பானவர், நிலையங்களில் கேட்பதில் பாதிதான் வாங்குகிறார். பதிவு ஒன்றும் இல்லை. என் மகளுக்கு 14 மாதம். அங்கே விடலாமா?
— ஒரு தந்தை, சுன்னாகம்

பதில்: அந்த அக்காவைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் நமது ஊரில் பாதித் தாய்மார் வேலைக்குப் போக முடியாது. எனவே ‘பதிவில்லை, விடாதீர்கள்’ என்று ஒற்றை வரியில் முடிக்க மனம் வரவில்லை. ஆனால் அன்பும் எண்ணிக்கையும் வேறு வேறு. உரிமம் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பதை அனுமதிக்கும் ஒன்ராறியோவில்கூட, அப்படிப் பார்ப்பவர் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அவர்களில் 2 வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. அக்காவிடம் இருக்கும் ஆறு பேரில் நடக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அக்கா மலசலகூடத்துக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்? அவருக்கே தலைச்சுற்று வந்து விழுந்தால் யாரிடம் சொல்லுவார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் விட வேண்டாம். வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவென்று தோன்றும். அவர் அப்படி எண்ணினால், பதில் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள்.

சுன்னாகம் என்பதால் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்ற இரசாயனத்தின் அளவை ஏற்றியிருக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆபத்து முக்கியமாக ஆறு மாதத்துக்குக் குறைந்த, அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் சிசுக்களுக்கு. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாள்; இருந்தாலும் அக்கா கைக்குழந்தைகளையும் பார்ப்பவராக இருந்தால், குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் பேசுங்கள். வயிற்றோட்டத்தைத் தடுக்கக் கொதித்தாறிய நீர் எப்படியும் வேண்டும்.

விட முடிவுசெய்தால், அக்காவையும் அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தனியாகப் போக அவர் அஞ்சுவார். பிள்ளைகளின் பெற்றோர் மூன்று பேர் கூடப் போனால், உத்தியோகத்தர் என்ன திருத்தம் வேண்டும் என்று சொல்லுவார், செலவைப் பங்கிடவும் முடியும். கிணற்றுக்கு மூடி போட ஒருவர் சம்பளம் போதாது. ஆறு வீட்டார் சேர்ந்தால் போதும்.

கேள்வி: நிலையத்தில் சிசிரிவி கமரா இருக்கிறது, கைபேசியில் எந்த நேரமும் பார்க்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
— ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: கமரா இருப்பது நல்லதே, ஆனால் அது பிள்ளையைத் தூக்காது. எந்த அறைகளில் இல்லை என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையின் படத்தை நீங்கள் பார்ப்பதுபோல் வேறு எத்தனை கைபேசிகளில் பார்க்கலாம் என்றும் கேளுங்கள்.

கேள்வி: மகளை விட்டு மூன்று வாரமாகிறது. ஒவ்வொரு நாளும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் ஒளித்து வெளிக்கிட வேண்டியிருக்கிறது. ‘பெத்த பிள்ளையைக் காசுக்கு விட்டிட்டுப் போறியே’ என்று மாமி சொல்கிறார். அழுகை சாதாரணமானதா, அங்கே ஏதும் நடக்கிறதா என்று எப்படி அறிவது? அவளுக்கு 17 மாதம்.
— ஒரு ஆசிரியை, அரியாலை

பதில்: ஒளித்து வெளிக்கிடுவதை நாளைக்கே நிறுத்துங்கள். தாய் கண்ணில் படாமல் மறைந்துவிடுவார் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்த நாள் முதல் வாசலிலேயே பிடியை இறுக்கும். முத்தம் கொடுத்து, ‘அம்மா பின்னேரம் வருவா’ என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போங்கள். இந்த வயதில் பிரிவுக்கு அழுவது, உங்கள் முகமும் மற்றவர் முகமும் வேறென்று அவளுக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம். வீட்டிலிருந்து ஒரு சிறு துணியோ பொம்மையோ கூடப் போனால் உதவும். முடிந்தால் ஒரு வாரம் அரை நாளாகக் குறைத்துப் பிறகு கூட்டுங்கள். மூன்று வாரம் என்பது நீண்ட காலமல்ல.

கேட்க வேண்டியது: நீங்கள் போனபின் எவ்வளவு நேரம் அழுகிறாள் என்பது. பத்து நிமிடத்தில் ஓய்ந்து விளையாடுகிறாள் என்று அவர்கள் சொன்னால், ஒருநாள் வேலிக்கு இப்பால் நின்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் ஒருவரிடம் ஒட்டிக்கொள்வார்கள்; அங்கே ஒரு ‘அன்ரி’யின் பெயரையாவது அவள் மழலையில் சொல்லத் தொடங்கினால் நான் நிம்மதியடைவேன். மாறாக, பின்னேரம் நீங்கள் போகும்போதும் ஒட்டாமல் வெறித்துப் பார்த்தால், குறித்த ஒருவரைக் கண்டு ஒடுங்கினால், துடை, முதுகு, காதின் பின்புறம் போன்ற விழுந்து அடிபடாத இடங்களில் கண்டல் இருந்தால், நன்றாக நடந்த பழக்கங்கள் திடீரென்று குலைந்தால், அழுகை வேறு வகையானது. வீட்டுக்கு வந்ததும் வழமைக்கு மாறாக அடித்துப்போட்டதுபோல் உறங்குகிறாள் என்றால், சளிக்குக் கொடுக்கும் பாணிமருந்து ஏதும் கொடுக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். சில பாணிமருந்துகள் தூக்கத்தை வரவைப்பவை; வைத்தியர் எழுதாமல், நீங்கள் கையெழுத்து வைக்காமல் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது.

சந்தேகம் வலுத்தால் பிள்ளையை முதலில் நிறுத்துங்கள். வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்கீழ்க் குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மாமியின் சொல்லுக்கு என்னிடம் மருந்தில்லை. ஒருநாள் அவரையே பிள்ளையைக் கூட்டிவர அனுப்பிப் பாருங்கள். உள்ளே நடப்பதைத் தன் கண்ணால் கண்டபின் அவர் சொல்வது, நல்லதோ கெட்டதோ, உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: எனக்கு வயது 66. மகள் வேலையால் வரப் பிந்துவதால் பேரனை நான்தான் பின்னேரம் நிலையத்திலிருந்து கூட்டி வருகிறேன். முதல் நாள் என்னை வாசலில் நிறுத்தி, அடையாள அட்டை கேட்டு, மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபிறகே பிள்ளையைத் தந்தார்கள். ஊரில் என்னைத் தெரியாதவர் இல்லை. மனம் நொந்துவிட்டது. நிலையத்தை மாற்றச் சொல்லட்டுமா? அத்துடன் 18 மாதத் தடுப்பூசி போட்ட அடுத்த நாள் அங்கே அனுப்பலாமா?
— ஒரு அம்மம்மா, நல்லூர்

பதில்: தடுப்பூசிக்கு முதலில் பதில் சொல்கிறேன். 18 மாதத்தில் கொடுப்பது முக்கூட்டுத் தடுப்பூசியும் (தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு ஆகியவற்றுக்கு எதிரானது) போலியோ சொட்டு மருந்தும். அதற்குப்பின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். அன்றும் மறுநாளும் பேரன் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். கிளினிக்கை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ள முடிந்தால் மகளுக்கு லீவு மிச்சம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசிப் பக்கத்தின் பிரதி ஒன்றை நிலையத்தில் கொடுத்து வையுங்கள். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசியையும் கவனித்துக்கொள்ளுங்கள்; பிள்ளைகள் கூடும் இடத்தில் சின்னமுத்து மிக விரைவாகப் பரவும்.

நிலையத்தை மாற்ற வேண்டாம், அம்மா. உங்களை வாசலில் நிறுத்திய அந்தப் பிள்ளை, உங்களைத் தெரியாத ஊர்க்காரியாக இருக்கலாம். தெரிந்தவராக இருந்தும் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. ‘நான் அவனுடைய மாமா’ என்று சொல்லி யாரும் வந்து நின்றால், அதே பிள்ளை அதே மாதிரி வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். மகளிடம் சொல்லி, கூட்டிவரக் கூடியவர்களின் பெயர்களை அடையாள அட்டை இலக்கத்தோடு எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள். வழமையாக ஓட்டோவில் போவதென்றால், ஓட்டோக்காரர் தனியாக வந்தால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்றும் அதில் எழுதட்டும். நாளைக்கு வாசலில் நிற்கும் அந்தப் பெண்பிள்ளை கேட்க முன்பே அட்டையை எடுத்து நீட்டுங்கள்.